தோல் படும் பாடு

நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப் அல்லது எர்லோடினிப் மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் வாக்கில் மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் சின்னச் சின்னக் கட்டிகள் கிளம்பும். அடுத்த சில நாட்களில் நெற்றி, தலை, நெஞ்சு, முதுகு என்று பரவும். சிலவற்றின் முனையில் சீழ் கோக்கும். அரிக்கும், தொட்டால் எரியும். "உடம்புச் சூடு" என்பார் ஒருவர். "அம்மை போட்டிருக்கிறது" என்பார் இன்னொருவர். வேப்பிலை வரும், மாத்திரை நிற்கும். அந்த மாத்திரை நிற்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

பெருங்குடல் புற்றுநோய்க்கும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் ஊசியாக ஏற்றப்படும் செடுக்ஸிமாப், பெருங்குடலுக்கான பானிடுமுமாப், நுரையீரலுக்கான அஃபாடினிப் ஆகியவற்றிலும் இதே கதைதான். இதே வகையான ஒசிமெர்டினிபில் பொதுவாகக் கட்டிகள் குறைவு. ஆனால் வறட்சியும் நகத் தொல்லையும் அதிலும் உண்டு.

ஏன் தோலில்?

அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ஸ்டான்லி கோஹென், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது அவை வழக்கத்துக்கு முன்பாகவே கண் திறந்தன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. தோலின் மேலடுக்கை வளரத் தூண்டும் ஒரு புரதம் அந்தச் சாற்றில் இருந்தது. அந்தப் பணிக்காக 1986-இல் ரீட்டா லெவி மொன்டால்சினியோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதம் உயிரணுவின் மேல் வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பியைத்தான் மருத்துவர்கள் இ.ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள். சில புற்றுநோய்க் கட்டிகள் இந்த ஏற்பியின் தூண்டுதலில் வளர்கின்றன. மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் அதை அடைப்பவை.

ஆனால் அந்த ஏற்பி கட்டியில் மட்டும் இல்லை. தோலின் மேலடுக்கு, முடிக்கால்கள், எண்ணெய்ச் சுரப்பிகள், நகத்தைச் சுற்றியுள்ள சதை எல்லாம் அதை நம்பித்தான் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. கட்டியில் அடைபடுவது தோலிலும் அடைபடுகிறது. தோல் மெலிந்து, ஈரம் காக்கும் திறனை இழந்து, அழற்சி கொள்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். முதலாவது, இது பெரும்பாலும் அலர்ஜி இல்லை; "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற முடிவுக்கு உடனே போக வேண்டியதில்லை. செடுக்ஸிமாப், எர்லோடினிப் ஆய்வுகளில் தோலில் கட்டிகள் வந்தவர்களுக்கு மருந்து சராசரியாக நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அதற்காகத் தோலில் ஒன்றும் வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியது ஸ்கேன்தான். இரண்டாவது, பார்வைக்குப் பரு போல இருந்தாலும் இது பரு இல்லை. பருவுக்கான சிகிச்சை இதை மோசமாக்கும்.

முதல் நாளிலேயே தொடங்குங்கள்

தோல் கெட்ட பிறகு சரிசெய்வதைவிடக் கெடுமுன் காப்பது எளிது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. பானிடுமுமாப் பெறும் பெருங்குடல் புற்றுநோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஊசிக்கு முந்தைய நாளே தோல் பராமரிப்பைத் தொடங்கி ஆறு வாரம் தொடர்ந்தார்கள்: ஈரப்பதம் காக்கும் கிரீம், வெயில் தடுப்புக் கிரீம், 1% ஹைட்ரோகார்டிசோன் கிரீம், டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை. இன்னொரு குழுவுக்குத் தொல்லை வந்த பிறகே சிகிச்சை. 2010-இல் வெளியான முடிவின்படி, நடுத்தர அல்லது கடுமையான தோல் பாதிப்பு இரண்டாம் குழுவில் 62% பேருக்கு வந்தது. முன்கூட்டியே தொடங்கிய குழுவில் 29% பேருக்குத்தான்.

ஆகவே மருந்துச் சீட்டு எழுதப்படும் அன்றே "தோலுக்கு என்ன தொடங்கலாம் டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் மருத்துவர் மறந்துவிடலாம். கேட்பது உங்கள் உரிமை. இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், அது கிருமிக்காக மட்டும் தரப்படுவதில்லை என்பதை அறியுங்கள். அழற்சியைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு. அதனால்தான் வாரக்கணக்கில் தருகிறார்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அமிலத்தன்மைக்கான மருந்து ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகவும் அது இடம் கொடுக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

ஈரப்பதம் காக்கும் கிரீமை வாங்கும்போது விலையையோ விளம்பரத்தையோ பார்க்க வேண்டாம். வாசனை சேர்க்காததா, ஆல்கஹால் இல்லாததா என்று மட்டும் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண ஒயிட் சாஃப்ட் பாரஃபின், லிக்விட் பாரஃபின் கலவை கைகால் வறட்சிக்குப் போதும். குளித்துத் துண்டால் ஒற்றியதும், ஈரம் முழுதும் காய்வதற்குள் பூச வேண்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதை விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான நீர், குறைந்த நேரம், காரம் குறைந்த சோப்பு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி ஒரு சொம்பாவது நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது.

வெயில் விஷயத்தில் நாம் அலட்சியமானவர்கள். கறுத்த தோலுக்கு வெயில் தடுப்புக் கிரீம் எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். இந்த மருந்துகள் எடுக்கும்போது வெயில் படும் இடத்தில் கட்டிகள் கூடும். ஆறிய இடங்கள் மேலும் கறுக்கும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டையாக்ஸைடு கலந்த கிரீம் எரிச்சல் தராது. அதைவிட முக்கியம் குடை, முழுக்கைச் சட்டை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே வெளியே போவதைக் குறைப்பது. மருத்துவமனைக்கு இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் முகத்தையும் கையையும் பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

எதைப் பூசக் கூடாது

பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலின், ட்ரெட்டினாயின் கிரீம்கள் ஏற்கெனவே வறண்ட தோலை உரித்துவிடும். பக்கத்து மருந்துக்கடையில் "முகத்துக்கு ஒரு கிரீம்" என்று கேட்டால் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி மூன்றும் கலந்த டியூப் கையில் வரும். மருத்துவர் குறைந்த வீரியமுள்ள ஸ்டீராய்டு எழுதித் தருவது வேறு, இந்தக் கலவைகளை மாதக்கணக்கில் தேய்ப்பது வேறு. பின்னது தோலை மெலிய வைத்து, அதற்கென்று தனியாக ஒரு கட்டிக் கூட்டத்தைக் கிளப்பும். சிவப்பழகு கிரீம்களைக் கையாலும் தொடாதீர்கள்.

பாட்டி வைத்தியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், அரைத்த வேப்பிலை, கடலை மாவு, சீயக்காய் எல்லாம் நல்ல தோலுக்கானவை. இந்தத் தோலுக்கு அவை எரிச்சலும் உராய்வும்தான். தலையில் சீழ்க்கட்டிகள் இருக்கும்போது எண்ணெய்க் குளியல் வேண்டாம். கால், கை வறட்சிக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம். கட்டிகள் உள்ள முகத்திலும் நெஞ்சிலும் பூச வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டின் பசை எரிச்சல் தந்தால் சில மாதம் விட்டுவிடலாம். சவரம் செய்கிறவர்கள் நுரை தடவி முடி வளரும் திசையிலேயே மெதுவாக மழிக்கலாம். கட்டிகளை வெட்டிக்கொள்ளாதபடி மின்சவரக் கருவி உதவும்.

நம் தோலில் இது எப்படித் தெரியும்

மருத்துவ நூல்கள் "சிவப்பு" என்று எழுதும். படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாது. அடர் பழுப்பாகவோ ஊதா கலந்த கறுப்பாகவோ தெரியும், சில சமயம் நிற வேறுபாடே தெரியாது. அதனால் பாதிப்பு குறைவு என்று மருத்துவரும் நினைத்துவிட இடமுண்டு. புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடாக இருக்கிறதா? அழுத்தினால் வலிக்கிறதா? இரவில் அரிப்பால் தூக்கம் கெடுகிறதா? நிறத்தைவிட இவை நம்பகமானவை, இவற்றைச் சொல்லுங்கள்.

எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு எளிய அளவு உண்டு. விரல்களோடு சேர்த்த உங்கள் உள்ளங்கை உடல் பரப்பில் ஏறக்குறைய 1%. பத்து உள்ளங்கைக்குக் குறைவாக இருந்தால் லேசானது. பத்திலிருந்து முப்பது வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. பரப்பு சிறிதாக இருந்தாலும் வலியால் அன்றாட வேலை செய்ய முடியவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டிகள் ஆறிய இடத்தில் கரும்புள்ளிகள் தங்கும். மாதக்கணக்கில் இருக்கும், பிறகு மெல்ல மங்கும். முகத்தில் வரும் என்பதால் மனத்தை வாட்டும். திருமணம், விசேஷம் என்று போக மறுப்பவர்கள் உண்டு. இது தொற்றாது என்பதை வீட்டில் உள்ளவர்கள் நான்கு பேரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளியே போய் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாம் மாதத்துக்குப் பிறகு: நகம், விரல்நுனி, இமை

முகம் தேறத் தொடங்கும் நேரத்தில் நகச்சுற்று வரும். கட்டை விரலிலும் கால் பெருவிரலிலும் முதலில் வரும். நகத்தின் ஓரம் வீங்கி, தொட்டாலே உயிர் போகும் வலி. சட்டைப் பொத்தான் போட முடியாது, செருப்புக்குள் கால் நுழையாது. தொடக்கத்தில் இது கிருமியால் வருவதில்லை, மெலிந்த தோலில் நகம் குத்துவதால் வருகிறது. பிறகுதான் கிருமி புகும்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்துக் குடைய வேண்டாம். நகத்தோலைப் பின்னே தள்ளவோ கிள்ளவோ வேண்டாம். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தினம் பதினைந்து நிமிடம் விரலை ஊறவைப்பதைப் பல தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். திறந்த வெடிப்பு இருந்தால் அது எரியும், அப்போது மருத்துவரைக் கேட்டு நீர்த்த போவிடோன் அயோடின் பயன்படுத்தலாம். நகத்தோரம் சிவந்த சதை வளர்ந்து, தொட்டதும் இரத்தம் கசிந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். சில்வர் நைட்ரேட் வைத்தோ சிறு சிகிச்சை செய்தோ அதை அடக்குவார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் விரலில் எதையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, மீன் கழுவுவது, காய் நறுக்குவது எல்லாம் விரல்நுனி வெடிப்பைக் கத்தியால் கீறியதுபோல் ஆக்கும். புற்றுநோய் வந்த பெண்களும் பல வீடுகளில் இந்த வேலைகளை விடாமல் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றை வேறொருவர் ஏற்றுக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. வேறு வழியே இல்லை என்றால் உள்ளே பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை. இரவில் விரல்நுனியில் கெட்டியான களிம்பு பூசிப் பருத்திக் கையுறையோடு தூங்கினால் வெடிப்பு மூடும். வயல் சேற்றில் இறங்குவது இந்தக் காலத்தில் வேண்டாம்.

இமைமுடி நீண்டு சுருண்டு கண்ணுக்குள் குத்தலாம். நீங்களாகப் பிடுங்காமல் கண் மருத்துவரிடம் வெட்டிக்கொள்ளுங்கள். கண் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் அன்றே போக வேண்டும்.

உள்ளங்காலும் உள்ளங்கையும்

கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு புற்றுநோய்களுக்குத் தரும் சொராஃபெனிப், சுனிடினிப், ரெகோராஃபெனிப், கபோசான்டினிப் போன்றவை வேறு வகை. இவை கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் புதுக்குழாய்கள் வளர்வதைத் தடுப்பவை. முதல் சில வாரங்களிலேயே குதிகால், முன்பாதம், விரல் மூட்டுகள் என்று அழுத்தம் விழும் இடங்களில் தோல் தடித்து ஆணி போலாகும். சுற்றிலும் எரிச்சல், சில சமயம் கொப்புளம். அழுத்தமும் உராய்வும் ஏற்படுத்தும் நுண்காயங்கள் சரியாக ஆறாமல் போவதால் இப்படி ஆகிறது என்று கருதப்படுகிறது.

ஆகவே மருந்து தொடங்குமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய ஆணி, பித்தவெடிப்பு இருந்தால் முன்பே மென்மையாக்கிக்கொள்ளுங்கள், பிளேடால் சீவாதீர்கள். 10% யூரியா கிரீமை முதல் நாளிலிருந்து தினம் மூன்று வேளை பூசியவர்களுக்கு இந்தப் பாதிப்பு குறைந்ததைச் சீனாவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2015-இல் காட்டியது: கல்லீரல் புற்றுநோய்க்குச் சொராஃபெனிப் எடுத்தவர்களில், பூசாதவர்களில் 73.6% பேருக்கு வந்தது, பூசியவர்களில் 56% பேருக்கு. யூரியா கிரீம் எளிதில் கிடைப்பது, விலையும் அதிகமில்லை. தடிப்பு வந்துவிட்டால் 20 முதல் 40% வரை வீரியமுள்ளதை மருத்துவர் தருவார்.

காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு நல்லது, வீட்டுக்குள்ளும் போடுங்கள். பருத்திக் காலுறை அணியுங்கள். வெறுங்காலோடு கோயில் பிராகாரம் சுற்றுவது, கிரிவலம், வெயிலில் காய்ந்த மொட்டைமாடி எல்லாம் முதல் இரண்டு மாதத்துக்காவது வேண்டாம். தரிசனம் முடிக்கத் தடையில்லை. காலுறையோடு நிழலில் நடந்துவிட்டு வாருங்கள்.

கேப்சைடபின் மாத்திரையிலும் கைகால் எரியும், உரியும். அது கீமோ வகை. எரிச்சல் உள்ளங்கை முழுதும் பரவலாக இருக்கும். அதற்கு டைக்ளோஃபினாக் ஜெல் முன்கூட்டியே பூசினால் பலன் உண்டு என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை ஆய்வு 2024-இல் காட்டியது: நடுத்தர, கடுமையான பாதிப்பு 15 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஆய்வு கேப்சைடபினுக்கானது. உங்களுடையது எந்த மாத்திரை என்று பெயரைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

நிறம் மாறும்போது

இரத்தப் புற்றுநோயில் ஒரு வகையான சி.எம்.எல்.-லுக்கு இமாடினிப் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த மருந்து அடைக்கும் புரதங்களில் ஒன்று தோலுக்கு நிறம் தரும் அணுக்களுக்கும் தேவை. அதனால் முகமும் கையும் வெளுக்கலாம். இதை வெண்குஷ்டம் என்று பயந்து மறைக்கிறார்கள், மாத்திரையை விடுகிறார்கள். இது தொற்றும் இல்லை, ஆபத்தும் இல்லை. அளவு குறைந்தாலோ நின்றாலோ நிறம் பெரும்பாலும் திரும்பும். வெயிலில் மட்டும் கவனம். காலையில் கண்ணைச் சுற்றி வீங்குவதும் இதில் வழக்கம். உப்பைக் குறையுங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சுனிடினிப் தோலை மஞ்சளாக்கும், முடியை நரைக்க வைக்கும். நான்கு வாரம் மருந்து, இரண்டு வாரம் ஓய்வு என்று எடுப்பவர்களின் முடியில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிப் பட்டையாக வளர்வதுண்டு. மஞ்சளைக் கண்டால் காமாலை என்ற பயம் வரும். கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் மருந்தின் நிறமாக இருக்கலாம். அதுவும் மஞ்சளாக இருந்தால் உடனே மருத்துவமனை. இந்த மருந்து கல்லீரலையும் பாதிக்கக் கூடியது.

உடனே போக வேண்டியவை

காய்ச்சலோடு தடிப்பு. தோல் கொப்புளித்து உரிவது. வாய், கண், பிறப்புறுப்பில் ஒரே நேரத்தில் புண். தொட்டால் வலிக்கும் ஊதா நிறத் திட்டுகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரிதாக வரும், ஆனால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். மஞ்சள் பொருக்கு படர்வது, சீழ் பெருகுவது கிருமித் தொற்று. அன்றே காட்ட வேண்டும்.

அம்மை பற்றியும் ஒரு வார்த்தை. புற்றுநோயாளிக்கு உண்மையிலேயே சின்னம்மை வரலாம். உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை போல் நீர்க்கொப்புளம் வரும் அக்கியும் வரலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. அக்கிக்கு முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வேப்பிலை கட்டுங்கள், அம்மனை வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மாத்திரையை யார் நிறுத்துவது

மேலே சொன்ன அவசர அறிகுறிகள் தவிர மற்ற எல்லாவற்றிலும், நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் கையில். தொல்லை தாங்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் உண்டு. சொன்னால் திட்டுவார்கள் என்று மறைக்கவும் செய்கிறார்கள். பிறகு ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரியும்போது, மருந்து பலிக்கவில்லையா, போடவே இல்லையா என்று மருத்துவருக்குத் தெரியாது. நல்ல மருந்தையே மாற்றிவிட நேரும். தோல் மிகவும் கெட்டால் மருத்துவரே ஒன்றிரண்டு வாரம் இடைவெளி கொடுத்து, தேவையானால் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவார். பெரும்பாலோருக்கு அது ஒத்துப்போகிறது.

மாத்திரை போடும் நேரத்தையும் சரிபாருங்கள். எர்லோடினிப், அஃபாடினிப், மார்பகப் புற்றுநோய்க்கான லபாடினிப் ஆகியவை வெறும் வயிற்றில் போட வேண்டியவை. எர்லோடினிபையும் லபாடினிபையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறி, பக்க விளைவுகளும் கூடும். வயிற்றைப் புரட்டுகிறது என்று இட்லியோடு சேர்த்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் முகம், நெஞ்சு, கை, பாதம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும் அன்று தோல் தேறியிருக்கும், கஷ்டப்பட்டது போன வாரமாக இருக்கும். படம் அதைக் காட்டும். பூசும் டியூப்கள், போடும் மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். விட்டுப்போன மாத்திரைகள் இருந்தால் எத்தனை, எந்தெந்தத் தேதி என்று சீட்டின் பின்புறம் எழுதி, மருத்துவர் கேட்குமுன் நீங்களே காட்டிவிடுங்கள்.